அழாமல் போகும் பிள்ளையும் வாசலில் நிற்கும் அம்மாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் வந்துவிட்டால் பத்திரிகைகளில் பள்ளிக்கூட வாசலில் அழும் குழந்தையின் படம் தவறாமல் வரும். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, வாயை முழுசாகத் திறந்து, கன்னமெல்லாம் கண்ணீராக நிற்கும். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடுகிற பிள்ளையை யாரும் படம் எடுப்பதில்லை. அந்தப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவையும் எடுப்பதில்லை.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்து அங்கன்வாடிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இப்போதும் வேலையில் இருப்பவர்களுமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அழும் பிள்ளையைச் சமாளிக்க ஊரே யோசனை சொல்கிறது. ஒன்றரை வயதில் சந்து முனைக்கு ஓடுகிற, இரண்டு வயதில் "நானே" என்று நம் கையைத் தட்டிவிடுகிற, மூன்று வயதில் டாட்டா கூடச் சொல்லாமல் போய்விடுகிற பிள்ளையை எப்படி விடுவது என்று யாரும் சொல்வதில்லை. அதில் சந்தோஷமும் இருக்கிறது, மனசைப் பிசைகிற ஒன்றும் இருக்கிறது. அந்த இரண்டாவதைச் சமாளிக்கத் தெரியாமல் பெரியவர்கள் செய்கிற சின்னச் சின்னக் காரியங்களால்தான் பாதிப் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

பிள்ளை ஒரே நாளில் விலகுவதில்லை. எட்டு மாதம் வாக்கில் புது முகம் பார்த்தால் உதட்டைப் பிதுக்கும். பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை அம்மா கண்ணுக்கு மறைந்தாலே ஊரைக் கூட்டும். பயந்தாங்கொள்ளி என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். தன் ஆள் யார், மற்றவர் யார் என்று பிள்ளைக்குத் தெளிவாகிவிட்டது, அவ்வளவுதான். ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று நடக்கும். வாசப்படியிலிருந்து இறங்கி, எதிர்வீட்டுக் குழாயடிவரை போகும். போய், ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் இன்னும் நாலடி போகும். நீங்கள் எழுந்து உள்ளே போய்விட்டாலோ, முகத்தை செல்போனுக்குள் புதைத்துக்கொண்டாலோ விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்து முந்தானையை இழுக்கும். மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவில் தாய்களையும் குழந்தைகளையும் பார்த்து எழுதியதும் இதைத்தான். அம்மா ஒரே இடத்தில் நிலையாக இருக்கும்போதுதான் பிள்ளை தைரியமாகத் தூரம் போகிறது. அதனால் பிள்ளை தூரம் போய்ப் பழக வேண்டுமென்றால் நீங்கள் அதன் பின்னாலேயே போகாதீர்கள். படியில் உட்காருங்கள். திரும்பிப் பார்க்கும்போது தலையை ஆட்டுங்கள், "பாத்துட்டுதான் இருக்கேன், போ" என்று சொல்லுங்கள். போதும். வண்டி வராத சந்தாக இருக்க வேண்டும் என்பது முக்கியம், அதைப் பிறகு சொல்கிறோம்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பத்துக்குப் பத்து வீடு, பக்கத்துச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சொந்தம். ஒரு வயதுக்குள்ளேயே அத்தை, மாமா, அக்கா, ஆயா என்று பதினைந்து இருபது பேரின் இடுப்பில் ஏறி இறங்கியிருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தில் தமிழ், எதிரில் உருது என்று மூன்று பாஷை காதில் விழும். இதனால் பேச்சு தாமதமாகும் என்று பயப்பட வேண்டாம். பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணும்போது எல்லாப் பாஷையையும் சேர்த்து எண்ணுங்கள். தெலுங்கில் "பாலு", தமிழில் "தண்ணி" என்றால் கணக்கு இரண்டு.

ஆனால் பழகுவதும் சேர்ந்து விளையாடுவதும் ஒன்றில்லை. இரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டை ஒரு பாயில் உட்கார வைத்தால், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குக் கட்டையை அடுக்கும். ஓரக்கண்ணால் மற்றதைப் பார்க்கும். அது கரண்டியால் தட்டினால் இதுவும் தட்டும். பேச்சு இருக்காது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதை வகைப்படுத்தி எழுதிவிட்டார்: தனியாக ஆடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் ஆடுவது, அப்புறம்தான் சேர்ந்து ஆடுவது. மூன்று வயது நெருங்கும்போதுதான் "வா, நீ கண்டக்டர்" என்று ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் "பங்கு போட்டு விளையாடு" என்று சொல்வது வீண் வேலை. இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கையில் இருப்பது தன் உடம்பின் ஒரு பாகம் மாதிரி.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. பக்கத்து வீட்டு அம்மா முன்னால் மானம் போகிறதே என்று, தன் பிள்ளை கையிலிருக்கும் பொம்மையை வெடுக்கென்று பிடுங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுப்பார்கள். பெரிய கை பிடுங்கலாம் என்பதுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம். மறுநாள் தன்னைவிடச் சின்னதிடம் அதையே செய்து காட்டும். நாங்கள் செய்வது இது. ஒரே மாதிரிச் சாமான் இரண்டு வைப்போம். சிவப்புக் குடம் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அன்றைக்கு அதை அலமாரியில் ஏற்றிவிடுவோம். சண்டை வந்துவிட்டால், வைத்திருக்கிற பிள்ளையிடம் "நீ பத்து எண்ற வரைக்கும் வெச்சிக்கோ, அப்புறம் அவளுக்கு" என்று சொல்லி, சத்தமாக விரல் மடக்கி எண்ணுவோம். பத்துக்கு மேல் போனால் காத்திருக்கும் பிள்ளைக்குப் பொறுக்காது. எண்ணி முடிந்ததும் கண்டிப்பாகக் கை மாற வேண்டும், திரும்பவும் பத்து எண்ணி இவனுக்கு வர வேண்டும். ஒரு தடவை ஏமாற்றினால் எண்ணிக்கைக்கு மரியாதை போய்விடும். வீட்டுக்கு விருந்தாளிப் பிள்ளை வருகிறதென்றால், உங்கள் பிள்ளை உயிராக வைத்திருக்கும் ஒரு சாமானை முன்கூட்டியே எடுத்து ஒளித்துவிடுங்கள்.

கடிக்கிற பிள்ளை பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக்குள் நிறையப் பிள்ளைகள் கடிக்கும். சொல்ல வார்த்தை போதாது, பல் முளைக்கிறது, பசி, தூக்கம், இடம் நெருக்கடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். "திருப்பிக் கடி, அப்பதான் வலி தெரியும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள், தோல் கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கடித்ததைப் பார்த்துச் சிரிக்காமல், கத்தாமல், "கடிக்கக் கூடாது, அவளுக்கு வலிக்குது" என்று ஒரே வரி. பிறகு அது எப்போது கடிக்கிறது என்று நாலு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரே நேரமாக இருக்கும், சாப்பாட்டுக்கு முந்தின அரைமணி என்பது மாதிரி. அந்த நேரத்தில் ஒரு வாழைப்பழம் கொடுத்தால் தீர்ந்துவிடும் கடியும் உண்டு.

இனி விட்டுவிட்டுப் போகும் விஷயம். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. இரண்டு வயது முடிந்தால் பால்வாடிக்கு வரலாம். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதே இரண்டு வயது முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். மதியச் சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, பாட்டு, ஒரு தூக்கம். இவ்வளவும் இருந்தும் முதல் நாளே காலையில் விட்டு மாலையில் எடுக்கலாம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போகிற நிர்ப்பந்தம் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் பிறகு வருஷம் முழுக்க நிம்மதி. முதல் இரண்டு நாள் கூடவே உட்காருங்கள், ஒரு மணி நேரம் போதும். பிள்ளையோடு விளையாடாமல் சுவரோரம் சும்மா உட்காருங்கள். போய் விளையாடச் சொல்லித் தள்ளாதீர்கள், அதுவாகப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். மூன்றாம் நாள் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே போங்கள், உங்கள் பையை அங்கேயே வைத்துவிட்டு. பை இருக்கிறதென்றால் அம்மா வருவாள் என்று பிள்ளைக்குப் புரியும். நாலாம், ஐந்தாம் நாள் அரைமணி, ஒரு மணி. இரண்டாம் வாரம் சாப்பாடுவரை. தூக்கம் கடைசி. புது இடத்தில் கண் மூடுவதற்கு, விளையாடுவதைவிட நிறைய நம்பிக்கை வேண்டும். அம்மாவின் பழைய காட்டன் புடவையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தனுப்புங்கள். துவைக்காதது நல்லது.

பிரியும் நேரம் அரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. ஒரு முத்தம், ஒரு வாக்கியம், கையிலிருந்து கைக்கு மாற்றல். பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு ஓடாதீர்கள், டீச்சரோ உதவியாளரோ கை நீட்டி வாங்க வேண்டும். அந்த வாக்கியத்தில் மணி சொல்லாதீர்கள், மூன்று மணி என்றால் இரண்டு வயதுக்கு ஒன்றும் புரியாது. "சாப்ட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்" என்றால் புரியும். சொன்னபடி வர வேண்டும். மற்றப் பிள்ளைகளெல்லாம் போனபின் கடைசியாக உட்கார்ந்திருந்த பிள்ளை மறுநாள் காலையில் கேட்டைப் பார்த்ததுமே அழும்.

சொல்லாமல் நழுவுவது பெரிய தப்பு. அந்த நேரத்துக்கு அழுகை மிச்சமானதாகத் தோன்றும். ஆனால் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அம்மா காணாமல் போவாள் என்று தெரிந்துவிட்ட பிள்ளை, அதற்குப் பிறகு விளையாடவே போகாது, நாள் முழுக்கக் காவல் இருக்கும். வீட்டிலும் கழிவறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்ளும். மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் காசிமேடு போகிற அம்மாக்கள் கேட்பார்கள்: பிள்ளை தூங்கும்போதுதானே கிளம்ப வேண்டியிருக்கிறது, எப்படிச் சொல்வது? முந்தின ராத்திரி படுக்கும்போது சொல்லுங்கள். "நீ எழும்போது ஆயா பக்கத்துல இருப்பாங்க, அம்மா மீன் வித்துட்டு வருவேன்." தினமும் அதே வார்த்தைகள். பிள்ளை கண் விழிக்கும்போது ஆயா நிஜமாகவே பக்கத்தில் இருக்க வேண்டும், அடுப்படியில் இருந்தால் போதாது.

இன்னொரு தப்பு, போய்விட்டுத் திரும்பி வருவது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, "ஒரே ஒரு தடவை சமாதானம் பண்ணிட்டுப் போறேன் டீச்சர்" என்று உள்ளே வருவது. அடங்கிக்கொண்டிருந்த அழுகை முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூன்று வயதை எட்டிய பிள்ளை பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும், சின்னதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகலாம். கேட்க வேண்டுமென்றால் அரைமணி கழித்து போன் செய்யுங்கள். சிப்ஸ் பாக்கெட் லஞ்சமும் வேண்டாம். நாலாம் நாள் பாக்கெட் இல்லாமல் உள்ளே வராது, மதியச் சோறும் இறங்காது. ஒரு வாரம் ஒழுங்காக வந்த பிள்ளை திங்கட்கிழமை அழுதால், ஜுரம் வந்து படுத்து எழுந்தபின் அழுதால், தம்பி தங்கை பிறந்தபின் அழுதால், எதுவும் கெட்டுப்போகவில்லை. முந்தின படிக்குத் திரும்பி இரண்டு நாள் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், பிறகு பழைய நேரத்துக்கு வாருங்கள்.

இப்போது அழாத பிள்ளைக்கு வருகிறோம். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், கேட்டுக்குள் கால் வைத்ததும் உங்கள் கையை உதறிவிட்டுத் தோழியைப் பார்த்து ஓடும். நெஞ்சில் சுருக்கென்று இருக்கும். இது எல்லோருக்கும் உண்டு, அப்பாக்களுக்கும் உண்டு, அவர்கள் ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்வதில் மறைத்துவிடுவார்கள். அந்தச் சுருக்கென்ற நேரத்தில்தான், "ஏய், அம்மாவுக்கு முத்தா குடுக்காமப் போறியா? அம்மா அழுவேன்" என்று கூப்பிட்டு நிறுத்துவார்கள். பிள்ளை திரும்பி வரும், முகத்தைப் பார்க்கும், அம்மா அழப்போகிறாள் என்று நிஜமாகவே நம்பும், அதுவும் அழும். மாலையில் கூட்டிக்கொண்டு போகும்போது முதல் கேள்வியே "அம்மாவத் தேடினியா?" என்று இருக்கும். தேடினேன் என்றால் அம்மாவின் முகம் மலர்வதைப் பிள்ளை கவனித்துவிடும். இரண்டு நாளில் காலையில் தேட ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் "இவன் என்னைத் தேடறதே இல்லக்கா" என்று பிள்ளையின் காது கேட்கவே சொல்வதும் அப்படித்தான். மனசு கனத்தால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அக்காவிடம் சொல்லுங்கள், பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது. எங்களிடமும் சொல்லலாம், சாக்குப்பையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் நேரம் கேட்க ஆள் இருக்கும்.

"தேடினியா" என்பதற்குப் பதிலாக "இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்ட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். பேசத் தெரியாத பிள்ளைகூடக் கையால் காட்டும்.

பகல் முழுக்கச் சமர்த்தாக இருந்த பிள்ளை உங்களைப் பார்த்ததும் கீழே விழுந்து புரள்வதும் உண்டு. எங்களிடம் என்ன செய்தீர்கள் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் ஆறு மணி நேரம் அடக்கி வைத்ததை, தன் ஆள் வந்ததும் இறக்கிவைக்கிறது. அந்த முதல் இருபது நிமிஷம் கேள்வி கேட்காதீர்கள், எம்.சி. ரோடு கடைக்கு அப்படியே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர், ஏதாவது தின்பண்டம், மடி. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினொன்றிலிருந்து பதினாலு மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. பத்து மணிவரை டி.வி. ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை, காலை அழுகைக்கு அதுவும் ஒரு காரணம். செல்போனைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது நேரானது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. சோறு ஊட்ட போன் கொடுத்துப் பழகிய பிள்ளை எங்கள் பாயில் தட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வாயைத் திறக்காது.

"நானே" என்ற சொல் வந்த நாளிலிருந்து உங்கள் வேலை இரண்டு மடங்கு ஆகும், நேரம் மூன்று மடங்கு ஆகும். அதைக் கணக்கில் வைத்து காலையில் இருபது நிமிஷம் முன்னால் எழுந்தால் பாதிச் சண்டை இருக்காது. சாப்பாட்டில் ஆரம்பிக்கலாம். அகலத் தட்டைவிடக் குழிவான கிண்ணம் மேல், சோற்றைச் சுவரில் சாய்த்து எடுக்க வரும். குழைவான பருப்பு சாதம் விரலில் ஒட்டும்படி இருக்கட்டும், ரசம் விட்டுத் தளர்த்தினால் எல்லாம் மடியில்தான். எவர்சில்வர் டம்ளரில் கால்வாசி மட்டும் தண்ணீர். கொட்டினால் துடைக்கத் துணியைப் பிள்ளையிடமே கொடுங்கள், அதற்கு அதுவும் விளையாட்டு. முட்டையை முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை வெள்ளையைக் கடித்துவிட்டு மஞ்சளை உருண்டையாக வாயில் போட்டுக்கொள்ளும். மஞ்சள் மாவாக அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தொண்டையை அடைக்கும். நாலாக நறுக்கி, மஞ்சளைச் சோற்றோடு பிசைந்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக் கொடுக்க வேண்டும். திராட்சையை நீளவாக்கில் வெட்டுங்கள். முழு வேர்க்கடலை, பட்டாணி, பொட்டுக்கடலை நாலு வயதுவரை வேண்டாம். ஓடிக்கொண்டே தின்பது எதுவானாலும் ஆபத்து.

உடுத்துவதைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுங்கள். டவுசரில் இரண்டு காலையும் நீங்களே விட்டு, முழங்கால்வரை ஏற்றி, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். "போட்டுட்டேன்" என்ற பெருமை அதற்கு. அது கைவந்ததும் முழங்காலுக்குக் கீழேயிருந்து, அதுவும் வந்ததும் ஒரு காலை அதுவாக விடட்டும். முதலிலிருந்து கற்றுக்கொடுத்தால் இரண்டு காலையும் ஒரே ஓட்டையில் விட்டுக்கொண்டு அழுவதோடு முடியும். எலாஸ்டிக் இடுப்பு போதும். முதுகில் கொக்கி வைத்த கவுனும் பட்டன் வைத்த ஜீன்சும் போட்டோவுக்கு ஆகும், பால்வாடிக்கு ஆகாது. செருப்பில் வலது இடது குழப்பம் வரும். ஒரு படம் ஒட்டிய ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, பாதிப் பாதியாக இரண்டு செருப்பின் உள்பக்க ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். சரியாக வைத்தால் யானை முழு யானையாகும்.

கக்கூஸ் பழக்கத்துக்கு வயதைப் பார்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் ஈரமில்லாமல் இருக்கிறதா, போனபின் வந்து சொல்கிறதா, குந்தி உட்கார வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் ஆரம்பிக்கலாம். "வருதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். எழுந்ததும், சாப்பிட்டதும், வெளியே கிளம்பும் முன், படுக்கும் முன் என்று நேரம் வைத்துக் கூட்டிப்போங்கள். நாலைந்து குடித்தனத்துக்குப் பொதுவான கழிவறையின் பெரிய பேசின் இரண்டு வயதுக் காலுக்கு அகலம், விழுந்துவிடுவோம் என்று பயப்படும். எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிள்ளை உட்காரும் சின்ன பிளாஸ்டிக் கக்கூஸ் இருக்கை (potty) வாங்குங்கள். நனைத்துவிட்டால் திட்டாமல் மாற்றுங்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடக்கப் பழகும், மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்கும். இந்தச் சுழலில் மாட்டிய பிள்ளையை மீட்க மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டுப் பெரியவர்களோடு இதில் உரசல் வரும். "கொழந்த கையில சாப்ட்டா வயிறு ரொம்புமா?" என்று ஆயா கேட்பதில் நியாயம் இருக்கிறது, அது தின்பதைவிடச் சிந்துவது அதிகம். முதல் பாதியைப் பிள்ளை தானாகச் சாப்பிடட்டும், மிச்சத்தை ஆயா ஊட்டட்டும். ஒரு வேளைக்கு மட்டும் முழு உரிமை ஆயாவுக்கு என்று வைத்துக்கொண்டாலும் சரி. பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, இரண்டு வயதில் பால்வாடிக்குக் கொடுத்துவிட்டு மத்தியானம் வெறும் வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். அம்மாவின் ஏக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவர்களுடையதைப் பற்றிப் பேச ஆளில்லை. மாலையில் கூட்டிவரும் வேலையை அவர்களுக்கே கொடுங்கள்.

இனி சந்து. முன்னெல்லாம் பிள்ளை நாலு வீடு தள்ளிப் போய் விளையாடும். இப்போது அந்த இடத்தில் பைக் நிற்கிறது. நிறுத்திய வண்டியின் சைலன்சர் சரியாக ஒன்றரை வயதுப் பிள்ளையின் கைக்கும் தொடைக்கும் எட்டுகிற உயரம், கொப்புளம் போட்டு வரும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. சைலன்சர் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினால் செலவில்லாமல் தீரும். தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டையும் டிரம்மையும் மூடி வையுங்கள். இந்த வயதில் தலை கனம், எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர வராது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும் மூழ்க, சத்தமும் கேட்காது. பெட்ரோல் டேங்க்மேல் பிள்ளையை உட்கார வைத்து எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவர்களை என்ன சொல்வது? நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், நாற்பது கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம். பட்டம் விடும் காலத்தில் முன்னால் உட்கார்ந்த பிள்ளையின் கழுத்துதான் மாஞ்சா நூலுக்கு முதலில் கிடைக்கும். நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது, நூல் மட்டும் இன்னும் மரத்தில் தொங்குகிறது.

கூட்டத்துக்குப் போகும்போது, திருவொற்றியூர் தேராக இருந்தாலும் தீபாவளி எம்.சி. ரோடாக இருந்தாலும், பிள்ளையின் முன்கையில் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தன் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லப் பழக்குங்கள். தொலைந்த பிள்ளையைக் கேட்டால் நிறையப் பிள்ளைகள் அம்மா பெயர் "அம்மா" என்றுதான் சொல்கின்றன.

பழகுவதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம். ஓரமாக நின்று ஒரு மாதம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பிறகு கலக்கும் பிள்ளைகள் உண்டு, அதைக் கூச்சம் என்று விட்டுவிடலாம். விடக் கூடாதவை வேறு. ஒரு வயதாகியும் கை நீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா" என்பது மாதிரி இரண்டு வார்த்தை சேரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வந்த பேச்சோ பழக்கமோ எந்த வயதிலும் நின்றுபோகிறது. இதில் ஒன்று இருந்தாலும் "அவங்கப்பா கூட லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம், அவர்கள் வரும் நாளில் பிள்ளையை லீவு போடாதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாக மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். ராயபுரம் அண்ணா பூங்காவிலிருந்து பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவரை எங்கள் பக்கம் பூங்காக்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பெரும்பாலான பூங்காக்களில் ஊஞ்சலும் சறுக்கும் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒவ்வொரு பூங்காவிலும் பத்தடிக்குப் பதினைந்தடி ஓரம் போதும். இடுப்பளவு கம்பி வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, ஆற்று மணல் ஒரு அடி ஆழம், இரவில் நாயும் பூனையும் அசுத்தம் செய்யாமலிருக்க மேலே விரிக்கத் தார்ப்பாய், மூன்றடி உயரச் சறுக்கு, முதுகுக்கும் முன்னாலும் பட்டை வைத்த ஊஞ்சல் இரண்டு. இரும்புச் சறுக்கு வேண்டாம், ஏப்ரல் வெயிலில் தொடை வெந்துவிடும். பெரியவர்கள் உட்கார பெஞ்சை வேலிக்கு வெளியே, எதிரில் போடுங்கள். உள்ளே போட்டால் பிள்ளை மடியை விட்டு இறங்காது, வெகுதூரத்தில் போட்டால் திரும்பிப் பார்க்கும்போது முகம் தெரியாது.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் அங்கன்வாடிகளுக்குச் சின்னக் கழிவறைப் பேசினும், கை கழுவும் குழாய்க்கு முன்னால் ஆறு அங்குல உயரப் படியும் கேட்கிறோம். குழாய் எட்டாத பிள்ளைக்கு எத்தனை பாட்டுப் பாடிக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தாலும் கழுவிவிட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. கடை வைத்திருக்கும், கம்பெனி நடத்தும் முதலாளிகள், பிள்ளையைப் புதிதாகச் சேர்த்திருக்கும் அப்பா அம்மாவை முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதித்தால், மூன்றாம் வாரத்திலிருந்து அவர்கள் நேரத்துக்கு வருவார்கள். முதல் நாளே விட்டுவிட்டு ஓடி வருகிறவர்களுக்குத்தான் மாதம் முழுக்க பால்வாடியிலிருந்து போன் வருகிறது.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை – கொருக்குப்பேட்டை,
வட சென்னை.